எட்டு விளக்கும் வரிசையாக

அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டதைவிட எண்ணிக்கொண்டதுதான் அதிகம். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். அதில் இருபத்திரண்டு வருஷம் சேர்ந்து கேபிள் வேலை. காலை எட்டரைக்கு ஏதாவது ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால், அவர் ஏதோ ஒரு அறையில் மேசைக்கடியில் மண்டிபோட்டிருப்பார். அவள் வேறொரு மாடியில், கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பேனல் அறையில் நின்றிருப்பாள். நடுவில் போன். "ஒண்ணு" என்பார் அவர். "ஒண்ணு" என்பாள் அவள். "ரெண்டு." "ரெண்டு." இப்படியே எட்டு வரை போய், அப்புறம் அடுத்த அறை. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை எட்டு வரை எண்ணிவிட்டு வீட்டுக்கு வந்தால் யாருக்குப் பேசத் தெம்பிருக்கும்? சாப்பிட்டோமா, காலை நீட்டினோமா என்று கிடப்பார்கள்.

இந்த வேலை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டருக்குப் போகிற கேபிளின் தோலை உரித்தால் உள்ளே எட்டுக் கம்பி இருக்கும். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று நாலு நிறம். ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் கோடு போட்ட வெள்ளைக் கம்பி ஒன்று ஜோடி. ஜோடி இரண்டும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கிடக்கும். முறுக்கைப் பிரித்து, கம்பிகளை நேராக்கி, ஒரு முனையை அறைச் சுவரிலிருக்கும் சாக்கெட்டிலும் மறு முனையைப் பேனலிலும் ஒரே வரிசையில் அழுத்தி வைக்க வேண்டும். வரிசை சரியா என்று பார்க்கத்தான் டெஸ்டர். அது இரண்டு பெட்டி. பெரியதைத் தாய் என்பார்கள், சிறியதைக் குட்டி என்பார்கள். தாயில் ஒன்றிலிருந்து எட்டு வரை விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும். குட்டியிலும் அதே எண் அதே நேரம் எரிந்தால் வேலை முடிந்தது. தாயில் நாலு எரியும்போது குட்டியில் ஆறு எரிந்தால் எங்கேயோ இரண்டு கம்பி இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பெயர் "நாலுக்கு ஆறு".

தாய்ப் பெட்டி எப்போதும் அவரிடம், குட்டி அவளிடம். அதனால் வேலையிடத்தில் அவருக்குத் 'தாய்' என்றே பெயர் விழுந்துவிட்டது. ஆறடி உயரம், தொங்கு மீசை, கனத்த குரல், பெயர் மட்டும் தாய். "தாய் வந்தாச்சா? குட்டி எங்க?" என்று பெயின்டர்கள் கேட்டுச் சிரிப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே பையைக் கீழே வைப்பார். பைக்குள் ஒரு டார்ச், தோல் உரிக்கும் கத்தி, கம்பியை 'டக்' என்று அழுத்தி உட்கார வைக்கும் பஞ்சிங் டூல், கட்டுக்குள் எந்தக் கேபிள் எது என்று தேட 'கீ கீ' என்று கத்துகிற கருவி ஒன்று, அப்புறம் இந்த டெஸ்டர். இதை வைத்துத்தான் ஒரு பெண்ணை வளர்த்துப் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்தார்கள்.

அவள் இந்த வேலைக்கு வந்தது ஒரு நாள் கூத்து. அவருக்கு முன்பு ஒரு கூட்டாளி இருந்தார். அந்த ஆள் ஒரு காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டார். அன்றைக்கே முடிக்க வேண்டிய பாயிண்ட், அதாவது சாக்கெட் இணைப்பு, இருபது பாக்கி. இன்றைக்கு ஒரு நாள் மட்டும் வந்து குட்டியைப் பிடித்துக்கொண்டு நில் என்று அவர் கெஞ்ச, கைக்குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டுப் போனாள். அந்த ஒரு நாள்தான் இன்னும் முடிந்தபாடில்லை. முதல் மாதத்திலேயே அவரிடமிருந்து நிற வரிசையை மனப்பாடம் செய்துகொண்டாள், அடுத்த வருஷத்தில் அவரைவிட வேகமாகப் பேனல் கட்டினாள். கம்பிகளை ஏன் முறுக்கி வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தால்தானே சொல்ல. பிரிக்கிறவன் விரல் நோகட்டும் என்றே முறுக்கி அனுப்புகிறார்கள் என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள்.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. "நான் வச்ச பாயிண்ட் இதுவரைக்கும் திரும்பி வந்ததில்ல" என்பார். கேட்கிறவர்களிடமும் சொல்வார், கேட்காத லிப்ட்காரரிடமும் சொல்வார். வேறு பெருமை எதுவும் அவரிடம் இல்லை, அதனால் அவளும் அதைத் தடுத்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை அவர்தான் டீ போட்டார். அவர்கள் வீட்டில் சர்க்கரை நீல மூடி டப்பாவில், உப்பு பச்சை மூடி டப்பாவில். அவள் ஒரு வாய் குடித்தாள். நாக்கு சுருண்டது. நிமிர்ந்து பார்த்தால் அவர் ஜன்னல் பக்கம் திரும்பித் தன் டம்ளரை ஆற்றிக்கொண்டிருந்தார். ஏனோ சொல்ல மனசு வரவில்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தாள். அன்று மத்தியானம் வரை தாகம் அடங்கவில்லை.

அந்த மாதமே வேலையில் முதல் "நாலுக்கு ஆறு" வந்தது. அது யாருக்கும் வருவதுதான். அவரே போய் சாக்கெட்டைக் கழற்றி மாற்றினார். திரும்ப எண்ணினார்கள். மறுபடியும் நாலுக்கு ஆறு. டார்ச்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் ஏதோ செய்தார். மூன்றாவது தடவையும் நாலுக்கு ஆறு. போனில் அவர் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. நாலில் உட்கார வேண்டியது நீலம், ஆறில் உட்கார வேண்டியது பச்சை. டப்பா மூடிகளின் அதே நிறம். அந்த மூச்சுச் சத்தத்திலேயே அவளுக்கு எல்லாம் புரிந்துபோனது.

டாக்டரிடம் போகலாம் என்று சொல்லாமல் இல்லை. நேராகச் சொல்ல முடியவில்லை, சுற்றி வளைத்துச் சொன்னாள். பேப்பரை இவ்வளவு தள்ளி வைத்துப் படிக்கிறீர்களே என்றாள். அவருடைய அண்ணனுக்குக் கண்ணில் ஆபரேஷன் செய்து, ஒரு வருஷம் புண் ஆறாமல் அவஸ்தைப்பட்ட கதை அந்தக் குடும்பம் அறிந்தது. அன்றிலிருந்து கண் என்று யாராவது பேச்செடுத்தாலே அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். பெண்ணிடம் சொல்லிப் பார்த்தாள். பெண் போனில் அழுதாள், அப்பா பேச்சை மாற்றினார், அத்தோடு சரி.

அப்புறம் அவளே பூசி மெழுக ஆரம்பித்தாள். முதலில் சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் தெரியாமல் இறங்கிப் போய் அவர் வைத்த சாக்கெட்டைத் திருத்திவிட்டு வருவாள். மூன்று மாடி இறங்கி மூன்று மாடி ஏற வேண்டும். ஐம்பது வயது முட்டிக்கு அது எத்தனை நாள் தாங்கும்? ஒரு நாள் பாதிப் படியில் உட்கார்ந்து யோசித்தபோது சுலபமான வழி தோன்றியது. அவர் பக்கம் மாறியிருந்தால் என்ன, தன் பக்கத்தையும் அதே மாதிரி மாற்றிவிட்டால் விளக்கு வரிசையாக எரிந்துவிடுமே. இதைக் கண்டுபிடித்ததில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அதிலிருந்து அதுதான் வழக்கம். அவர் "நாலு" என்பார். குட்டியில் ஆறு எரியும். அவள் வாய் கூசாமல் "நாலு" என்பாள். எண்ணி முடித்ததும் பஞ்சிங் டூலை எடுத்து இரண்டு கம்பியை இடம் மாற்றுவாள். டக், டக். பிறகு போனில், "தாள்ல எழுத விட்டுட்டேன், இன்னொரு தடவை எண்ணுங்க" என்பாள். இந்தத் தடவை எட்டும் வரிசையாக எரியும். தாளில் பாயிண்ட் எண்ணுக்கு எதிரே டிக் போட்டு, பேனல் பக்கம் தன் கையெழுத்தைப் போடுவாள். அறைப் பக்கத்துக்குச் சாயங்காலம் அவர் போடுவார்.

இப்படித்தான் நோயாளிகளுக்கு ஸ்கேன் எடுக்கும் ஒரு கட்டடத்தையும் முடித்தார்கள். மூன்று மாடி, அறுபத்துநாலு பாயிண்ட், மூன்று வாரம். பொய்க்கூரைப் பலகையைத் தூக்கி, கழுத்தெல்லாம் கண்ணாடிப் பஞ்சு விழுந்து, அவள் இரண்டு இரவு தூங்காமல் சொறிந்துகொண்டிருந்தாள். முடிந்ததே என்று இருந்தது.

ஒரு மாதம் கழித்து, அவர்களுக்கு வேலை கொடுக்கும் காண்ட்ராக்டர் போன் செய்தார். அவர்களைவிடப் பதினைந்து வயது சின்னவர், அக்கா அண்ணே என்று மரியாதையாகத்தான் பேசுவார். ஸ்கேன் கட்டடத்தில் சில அறைகளில் படம் வர மாட்டேன் என்கிறதாம். மற்ற அறைகளில் கண்மூடித் திறப்பதற்குள் வருகிறதாம். பெரிய டெஸ்டரோடு ஒரு இன்ஜினியர் பெண் வந்திருக்கிறாள், அறுபத்துநாலில் பதினொன்று தேறவில்லை என்கிறாள், நாளைக்கு இரண்டு பேரும் வாருங்கள் என்றார். கடைசியில், அடுத்த மாதம் தொடங்கவிருக்கும் பத்து மாடிக் கட்டடத்துக்கு யாரை அனுப்புவது என்பதையும் இதைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை போட்டு வைத்தார்.

புருஷன் அதைக் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டர்தான் கோளாறாக இருக்கும் என்றார். அவளுக்குச் சலிப்பாக இருந்தது. அவர்மேல் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. பதினொன்று என்றதும் அவள் மனசுக்குள் ஓடிய கணக்கு வேறு. அந்தக் கட்டடத்தில் ஜன்னல் இல்லாத அறைகளையும் அவள் டக், டக் என்று மாற்றி வைத்த பாயிண்டுகளையும் எண்ணிப் பார்த்தாள். பதினொன்று வந்தது.

மறுநாள் காலை ஒன்பதாம் அறையில் கூடினார்கள். ஒரு டாக்டர் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் யாருடைய விலா எலும்போ பாதி வரை வந்து நின்றிருந்தது. மீதிப் பாதி வருவதற்குள் நோயாளி வீட்டுக்கே போய்விடுகிறார் என்று சொல்லிவிட்டு டாக்டர் டீ குடிக்க எழுந்து போனார். இரண்டு மணிக்குள் அறை வேண்டும் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்ஜினியர் பெண்ணுக்கு அவர்கள் பெண்ணின் வயதுதான் இருக்கும். செங்கல் கனத்துக்கு ஒரு டெஸ்டர் வைத்திருந்தாள். சுவர் சாக்கெட்டில் அதைச் செருகியதும் திரையில் ஏதேதோ எழுத்து ஓடி, கடைசியில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி வந்து நின்றது. அவர் பையைத் திறந்து, எங்கள் டெஸ்டரையும் கொஞ்சம் போட்டுப் பாருங்கள் மேடம் என்றார். பேனல் அறைக்குக் காண்ட்ராக்டரே குட்டியோடு ஓடினார். போனில் எண்ணினார்கள். எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தது. ஒன்றுகூடப் பிசகவில்லை. அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை.

அந்தப் பெண் கேலி செய்யவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல். காண்ட்ராக்டர் திரும்பி வந்ததும், ஒரு சாண் கேபிளை எடுத்து உரித்து, முறுக்கிக் கிடந்த ஜோடிகளை விரலால் பிரித்துக் காட்டினாள்.

"உங்க விளக்கு பொய் சொல்லலைங்க. கம்பி எங்க போய்ச் சேருதுன்னு மட்டும்தான் அது பாக்கும். யாரோட சேந்து போகுதுன்னு அதுக்குத் தெரியாது."

பிறகு விளக்கினாள். முறுக்கு சும்மா இல்லையாம். ஜோடியாகப் போனால்தான் ஒரு கம்பியின் சத்தம் பக்கத்து ஜோடிக்குள் விழாமல் இருக்குமாம். நீலத்தின் இடத்தில் பச்சையை வைத்தால் இரண்டும் தன் ஜோடியை விட்டு அடுத்ததன் துணையோடு போகும். ஒன்றின் பேச்சு இன்னொன்றில் விழும். மெதுவாக அனுப்பினால் சமாளிக்கும், வேகமாக அனுப்பினால் தடுமாறும். அதனால்தான் படம் பாதியில் நிற்கிறது. ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் அன்றைக்கே விளக்கில் தெரிந்திருக்கும். இரண்டு பக்கமும் ஒரே தப்பு நடந்திருப்பதால் உங்கள் டெஸ்டர் சரி என்றுதான் சொல்லும் என்றாள்.

பேனல் கட்டியவளுக்கு இப்போதுதான் உறைத்தது. அவர் தப்பாக வைத்தது அவர் தப்பாகவே நின்றிருந்தால் அன்றே திருத்தியிருக்கலாம். கண்டுபிடிக்க முடியாதபடி அதை மூடி வைத்தவள் அவள். நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு வருஷமாகக் கட்டடம் கட்டடமாக இதைத்தான் செய்து வைத்திருக்கிறாள். அந்த டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்ததற்குக் காரணமும் அவள்தான். வெட்கமாக இருந்தது.

இது யார் பக்கத்து வேலை என்று காண்ட்ராக்டர் கேட்டார். அதட்டவில்லை, சோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சாதாரணமாகத்தான் கேட்டார். இன்ஜினியர் பெண் சாக்கெட்டைக் கழற்றினாள். பச்சையும் நீலமும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன.

"என் பக்கம்தான் தம்பி" என்றாள் அவள். "ரெண்டு முனையும் நான்தான் வச்சேன். இந்தப் பதினொண்ணும் நான் வச்சதுதான்."

காண்ட்ராக்டர் தாளைப் பார்த்தார். அறைப் பக்கம் என்ற கட்டத்தில் பதினொன்றிலும் அவள் புருஷனின் கையெழுத்து. ஆறடி ஆள் எழுதும் கொட்டைக் கொட்டையான கையெழுத்து, மாற்றிச் சொல்ல வழியே இல்லை. காண்ட்ராக்டர் தாளிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். அவர் மேசைக்கடியில் தாய்ப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதில் விளக்குகள் இன்னும் ஒன்று, இரண்டு என்று வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. அவர் பெட்டியை அணைத்தார்.

"அவ வைக்கல" என்றார். "சாக்கெட்டுல எல்லாம் நான்தான் வச்சேன். எனக்கு நீலமும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியுது. வெளிச்சம் இருந்தா சமாளிச்சுக்குவேன். இல்லாத அறையில குத்துமதிப்பா வைப்பேன். ரெண்டு வருஷமா இப்படித்தான்."

நான் வைத்த பாயிண்ட் திரும்பி வந்ததில்லை என்று இதே கட்டடத்து லிப்ட்காரரிடம் சொன்ன வாய் அது. அவள் அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

சொல்லியிருக்கலாமே அண்ணே என்றார் காண்ட்ராக்டர். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு மணிக்குள் பதினொன்றையும் பிரித்துக் கட்ட வேண்டும், நிறம் பார்க்கிற வேலை முழுக்க அக்கா செய்யட்டும் என்றார். முன்பு இப்படி மாற்றி வைத்த கட்டடங்களைப் பற்றியும் அவளே காண்ட்ராக்டரிடம் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, பட்டியல் எழுதிக் கொடுங்கள், ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்போம் என்றார். பத்து மாடிக் கட்டடத்தைப் பற்றி அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. முதலில் கண்ணைப் பார்த்துவிட்டு வரட்டும், அப்புறம் பேசுவோம் என்று பதில் வந்தது. அது வாக்கா, நல்லவிதமாகக் கைகழுவுகிற பேச்சா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் தைரியமில்லை.

பேனல் அறைக்குப் படி ஏறும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவள் முட்டி மக்கர் பண்ணியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவரும் நின்றார். பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"நான் மாத்தி வைக்கிறது உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?" என்று கேட்டாள். தெரியுமா என்று கேட்கவில்லை. மேசைக்கடியில் அவர் பெட்டியை அணைத்த விதத்திலேயே அவளுக்கு அது புரிந்திருந்தது.

"போனை நீ வைக்கவே மாட்ட. எண்ணி முடிச்சதும் அந்தப் பக்கம் ரெண்டு டக் கேக்கும். அப்புறம் எழுத விட்டுட்டேன்னு சொல்லுவ. சரி, இதுவும் தப்பாப் போச்சு போலன்னு நினைச்சுக்கிட்டு நானும் இன்னொரு தடவை எண்ணுவேன்."

"கேட்டிருக்கலாமில்ல?"

"என்னன்னு கேக்குறது? நீ சரி பண்ணிடுறன்னு நம்பி இருந்தேன்." அவரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு அந்த உப்பு டீயை நானும்தான் குடிச்சேன். நீ முகம் சுளிக்காம குடிச்சு முடிச்ச. நீயே சொல்லாதப்ப நான் எதுக்குச் சொல்லணும்னு நானும் குடிச்சு முடிச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதற்கு நடுவிலேயே அழுகையும் வந்தது. இரண்டு வருஷம் ஒரே பொய்யை ஆளுக்கு ஒரு முனையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள், பார்த்தவர்களுக்கெல்லாம் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்திருக்கிறது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண் டாக்டர்கிட்ட எப்ப போறது என்று கேட்டாள். அவர் மேலே ஐந்தாறு படி ஏறின பிறகு, நீயும் கூட உள்ளே வருவதாக இருந்தால் வியாழக்கிழமை போகலாம் என்றார்.

பேனல் பக்கத்தை அவள் முதலில் திருத்தினாள். மாற்றி வைத்தவற்றைத் தேடிப் பிடித்து, இரண்டிரண்டு கம்பியைப் பிடுங்கி, முறுக்கை முடிந்த வரை பிரிக்காமல் அந்தந்த இடத்தில் அழுத்தினாள். பிறகு அவரை அங்கே ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துக் குட்டிப் பெட்டியைக் கையில் கொடுத்தாள். குட்டியைப் பிடிக்க நிறம் தெரிய வேண்டாம், எந்த எண் எரிகிறது என்று தெரிந்தால் போதும். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தாய்ப் பெட்டி அவள் தோளில் ஏறியது. அது இவ்வளவு கனம் என்று அவளுக்குத் தெரியாது.

அறை அறையாகப் போனாள். மேசைக்கடியில் மண்டி போடுவதும், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கம்பியைப் பிரிப்பதும், எழுவதும் எவ்வளவு பாடு என்று மூன்றாவது அறையிலேயே தெரிந்துவிட்டது. பெயின்ட் வாசனையும் தூசியும் மூக்கை அடைத்தன. ஒவ்வொரு பாயிண்டிலும் அவள் "ஒண்ணு" என்றாள், மேலேயிருந்து "ஒண்ணு" என்றார். எட்டு வரை போனதும் இன்ஜினியர் பெண் தன் செங்கல்லைச் செருகினாள். பச்சைக் குறி வந்தது. பத்து பாயிண்ட் அப்படி முடிந்தது. ஒன்றரை மணி ஆகிவிட்டது.

கடைசியாக ஒன்பதாம் அறை, பாயிண்ட் நாற்பத்தொன்று. சாக்கெட்டைக் கட்டி முடித்தாள். டாக்டர் வந்து வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். காண்ட்ராக்டரும் பக்கத்தில்தான் நின்றார். போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தரையில் வைத்திருந்தாள்.

"ஒண்ணு" என்றாள்.

"ஒண்ணு."

"ரெண்டு." "ரெண்டு." "மூணு." "மூணு."

"நாலு."

பதில் வரவில்லை. போனில் அவர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. அந்த மூச்சு அவளுக்கு நன்றாகத் தெரிந்த மூச்சு. பக்கத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று அவருக்கும் தெரியும். நாலு என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த நிமிஷத்துக்குப் போதும், இங்கே யாருக்கும் குட்டிப் பெட்டி தெரியாது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நாலுக்கு ஆறு" என்றார் அவர்.

அவள் ஒரு மூச்சு விட்டாள். என்ன நடந்தது என்று உடனே புரிந்தது. அறைப் பக்கம் சரியாகிவிட்டது, மேலே பேனலில் தான் அன்றைக்கு மாற்றி வைத்தது மட்டும் அப்படியே இருக்கிறது. பதினொன்றில் இந்த ஒன்றைத் திருத்த விட்டுப்போயிருக்கிறது.

"அது என் பக்கம்" என்று போனிலேயே சொன்னாள். "நான் மாத்தி வச்சது. எடுக்க மறந்துட்டேன்."

"சரி, மெதுவா ஏறி வா" என்றார். "நான் எடத்தைப் பிடிச்சு வச்சிருக்கேன்."

டாக்டரிடம் இன்னும் பத்து நிமிஷம் கேட்டுக்கொண்டு, முட்டியில் கையை ஊன்றி எழுந்து படி ஏறினாள். மூன்று மாடி. இரண்டு இடத்தில் நின்று நின்றுதான் போக முடிந்தது. பேனல் அறைக் கதவைத் திறந்தபோது அவர் ஸ்டூலை அவளுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, ஒரு கையில் அவளுடைய பஞ்சிங் டூலும் மறு கையில் போன் டார்ச்சுமாக, நாற்பத்தொன்றின் மேல் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.